மணல்வாரிக்கு ஏன் இரண்டு ஊசி?

கம்பத்திலிருந்தும் தேவாரத்திலிருந்தும் விடியற்காலையில் மலையேறும் ஜீப்புகளில் ஏலத்தோட்ட வேலைக்குப் போகிறவர்கள் பெரும்பாலும் பெண்கள். காய் எடுக்கிற பருவத்தில் சிலர் கைக்குழந்தையோடு இடுக்கிப் பக்கமே தங்கிவிடுவார்கள். அப்படித் தங்கிய என் சித்தி மகளிடம், லயத்துக்கு (தோட்டத் தொழிலாளர் குடியிருப்புக்கு) வந்த ஆஷா பணியாளர் "கொச்சினு அஞ்சாம்பனிக்குள்ள குத்திவெய்ப்பு எடுத்தோ?" என்று கேட்டிருக்கிறார். இவள் பனியில் வரும் சளிக்காய்ச்சல் என்று நினைத்து, "அதெல்லாம் இல்லக்கா, பிள்ளை நல்லாத்தான் இருக்கா" என்றிருக்கிறாள். மலையாளத்தில் பனி என்றால் காய்ச்சல். நாம் மணல்வாரி, தட்டம்மை என்று சொல்வதுதான் மலை தாண்டினால் அஞ்சாம்பனி. பிள்ளைக்கு அதற்கான ஊசி போட்டாச்சா என்றுதான் அவர் கேட்டிருக்கிறார்.

தடுப்பூசி அட்டையை எடுத்துப் பார்த்தபோது 9 மாதத்தில் போட்ட ஊசிக்குத் தேதி இருந்தது. ஒன்றரை வயதில் போட வேண்டியதற்கான கட்டம் காலி. "ஒண்ணு போட்டாச்சே, அது போதாதா?" என்று என்னிடம் போனில் கேட்டாள். நியாயமான கேள்வி.

முதலில் இந்தக் கிருமியின் வேகத்தைச் சொல்ல வேண்டும். தட்டம்மை வந்த ஒருவர் எழுந்து போன அறையின் காற்றில் 2 மணி நேரம் வரைகூட வைரஸ் மிதந்துகொண்டிருக்கும். தடிப்பு தெரிவதற்கு 4 நாள் முன்பே பரவத் தொடங்கிவிடும். அம்மை கண்ட வீட்டில் வேப்பிலை செருகி, வெளியாளை உள்ளே விடாத நம் வழக்கத்தை நான் குறை சொல்ல மாட்டேன். நோயாளியைத் தனிமைப்படுத்துகிற வழக்கம் அது. ஆனால் வேப்பிலை செருகும் நாளில் கிருமி ஏற்கெனவே பக்கத்து வீட்டுக்குப் போயிருக்கும்.

எதிர்ப்புச் சக்தி இல்லாத கூட்டத்தில் ஒரு நோயாளி 12 முதல் 18 பேருக்கு இதைக் கொடுப்பார். 15 என்றே வைத்துக்கொள்வோம், ஒரு ஜீப்பில் நெருக்கி உட்காருகிற அளவு. அந்த 15 பேரில் 14 பேருக்கு எதிர்ப்பு இருந்தால், நோய் ஒருவரைத்தான் தொற்றும். அதற்கும் மேலே போனால்தான் பரவல் அடங்கத் தொடங்கும். நூற்றுக்கு 95 பேருக்குப் பாதுகாப்பு வேண்டும் என்று மருத்துவர்கள் சொல்லும் கணக்கு இங்கிருந்து வருகிறது.

சரி, எல்லாப் பிள்ளைக்கும் 9 மாதத்தில் ஊசி போட்டுவிட்டால் 95 வந்துவிடாதா? வராது. அந்த வயதில் போட்டால் நூற்றில் 85 பேருக்குத்தான் பிடிக்கும். காரணம் தாய் கொடுத்த சீர். கருவிலிருக்கும்போதே தாயின் எதிர்ப்பொருள்கள் பிள்ளையின் ரத்தத்துக்கு வந்துவிடுகின்றன. ஊசியில் இருப்பது வலுக்குறைத்த உயிருள்ள வைரஸ். தாயின் எதிர்ப்பொருள் மிச்சமிருந்தால், பிள்ளையின் உடல் அந்த வைரஸை அடையாளம் கண்டு பழகுவதற்குள் அது அழிந்துவிடும். நோய் அரிதான நாடுகளில் ஒரு வயது தாண்டும்வரை காத்திருக்கிறார்கள். நோய் சுற்றிக்கொண்டிருக்கும் நம்மைப் போன்ற நாடுகளில் அப்படிக் காத்திருந்தால், அந்த இடைவெளியில் பச்சைப் பிள்ளைகள் மாட்டிக்கொள்ளும். அதனால்தான் 9 மாதம்.

ஆக, இரண்டாவது ஊசி முதல் ஊசிக்குத் தெம்பூட்டுவதற்காக அல்ல. முதல் ஊசி பிடிக்காமல் போன அந்த 15 பிள்ளைகளுக்காக. அவர்கள் யார் என்று பார்த்துச் சொல்ல முடியாது, எனவே எல்லோருக்கும் போடுகிறார்கள். இரண்டும் போட்டால் நூற்றில் 97 பேர் தப்பிக்கிறார்கள். இந்தியாவில் முதல் ஊசி 1985-இல் தேசியத் திட்டத்துக்கு வந்தது, இரண்டாவது 2010-இல்தான் சேர்ந்தது. 2017 பிப்ரவரியில் ரூபெல்லாவையும் (ஜெர்மன் தட்டம்மை) சேர்த்த ஊசி முகாம் தமிழ்நாட்டில் தொடங்கியது. கேரளத்தில் அதே ஆண்டு அக்டோபரில்.

ஊசி மருந்தையும் கொஞ்சம் கிட்டத்தில் பார்க்கலாம். குப்பியில் இருப்பது உலர்ந்த தூள். கூடவே வரும் நீரைக் கலந்தால்தான் மருந்து. கலந்தபின் 4 மணி நேரத்துக்குள் போட்டு முடிக்க வேண்டும், வெயில் படக்கூடாது, குளிர் குறையக்கூடாது. ஐஸ் பேக் வைத்த பெட்டியைத் தோளில் மாட்டிக்கொண்டு நர்சம்மா மேட்டில் ஏறி வருவது இதற்காகத்தான். மீந்த மருந்தை மறுநாளுக்கு வைக்க முடியாது. "நாளைக்கு வாரேன்" என்று சொல்லும்போது இது நமக்குத் தெரிவதில்லை.

"அம்மை ஒரு தடவை வந்து போனால் நல்லது" என்பாரும் உண்டு. எனக்கு இதைக் கேட்டால் பதறும். முன்பு வந்த கிருமிகளை நினைவில் வைத்திருக்கும் உடலின் அணுக்களையே தட்டம்மை வைரஸ் தாக்குகிறது. நெதர்லாந்தில் ஊசி போடாத 77 பிள்ளைகளின் ரத்தத்தை நோய்க்கு முன்னும் பின்னும் ஒப்பிட்டு 2019-இல் வெளியிட்டார்கள். மற்ற கிருமிகளுக்கு எதிராக அவர்கள் சேர்த்துவைத்திருந்த எதிர்ப்பொருள்களில் 11 முதல் 73 சதவீதம் வரை காணாமல் போயிருந்தது. தடிப்பு உதிர்ந்த பிறகும் நிமோனியாவும் வயிற்றுப்போக்கும் வந்து பிள்ளை மெலிந்துபோவதற்கு இதுவும் ஒரு காரணம். 2023-இல்கூட உலகில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் தட்டம்மையால் இறந்தார்கள், பெரும்பாலும் 5 வயதுக்குட்பட்டவர்கள்.

மாநிலக் கணக்கில் எண்ணிக்கை நன்றாக இருந்தால் போதாது. 2022 கடைசியில் கேரளத்தின் மலப்புறத்தில் தட்டம்மை பரவியபோது மத்தியக் குழுவே போக வேண்டியிருந்தது. ஊசி விடுபட்ட பிள்ளைகள் ஓரிடத்தில் சேர்ந்திருந்தால் வைரஸுக்கு அது போதும். இங்கே அட்டை, அங்கே குடியிருப்பு என்று இரண்டு மாநிலத்துக்கும் நடுவில் நிற்கிற லயத்துப் பிள்ளைகளை நினைத்துத்தான் எனக்குக் கவலை.

தவறிய ஊசியை 5 வயதுக்குள் எப்போது வேண்டுமானாலும் போட்டுக்கொள்ளலாம், மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டியதில்லை. அடுத்த புதன்கிழமை சித்தி மகள் அரை நாள் கூலியை விட்டுவிட்டு, அங்கேயே இருந்த ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போனாள். காசு கேட்கவில்லை, எந்த ஊர் என்றும் துருவவில்லை. தமிழ்நாட்டு அட்டையின் அந்தக் காலிக் கட்டத்தில் இப்போது தேதியும், பக்கத்தில் ஒரு மலையாளக் கையெழுத்தும் இருக்கிறது.