எழுந்து நின்றால் ஏன் எழுத்து மறக்கிறது?

இரண்டாம் வகுப்பு ஆசிரியை ஒருவர் எழுதிக் கேட்டிருக்கிறார்: "என் மாணவி ஒருத்தி பாயில் என் பக்கத்தில் உட்கார்ந்து படிக்கும்போது தடங்கலின்றிப் படிக்கிறாள். அதே பக்கத்தை எழுந்து நின்று எல்லோர் முன்னும் படிக்கச் சொன்னால் மூன்றாவது சொல்லிலேயே நின்றுவிடுகிறாள். தெரிந்த எழுத்து எங்கே போகிறது? வகுப்பறைக்கு வண்ணம் பூசுவதும் பாய் விரிப்பதும் உண்மையில் படிப்புக்கு உதவுமா, வந்துபோகிறவர்கள் பார்க்கத்தானா?"

எழுத்து எங்கும் போவதில்லை. அதைக் கையாளும் இடம்தான் சற்று நேரம் வேலைநிறுத்தம் செய்கிறது.

கண், விழித்திரை, பார்வை நரம்பு வரையிலான கதை பாடப்புத்தகத்தில் உண்டு. அதற்கு அப்பால், மூளையின் இடப்பக்கத்தில், பின்புறக் கீழ்ப்பகுதியில் எழுத்துகளை அடையாளம் காணவென்றே ஒரு சிறு பரப்பு பயிற்சியால் உருவாகிறது. பிரெஞ்சு ஆய்வாளர்கள் ஸ்டானிஸ்லாஸ் டெஹானும் லோரான் கோஹெனும் இதைப் பல ஆண்டுகள் ஆராய்ந்தவர்கள். இந்தப் பரப்பு தேறிவிட்டால் சொல்லைப் பார்த்த கணமே படித்துவிடுவோம். தேறாத வரை எழுத்துக் கூட்டித்தான் படிக்க வேண்டும். எழுத்துக் கூட்டுவதற்குச் செயல்படு நினைவு தேவை. சில நொடிகளுக்கு மட்டும் ஒன்றை மனத்தில் பிடித்து வைத்துக்கொண்டு அதன்மேல் வேலை செய்யும் திறன் அது. அதில் கொள்ளும் இடம் மிகக் குறைவு.

தமிழில் அந்த நினைவுக்கு எவ்வளவு வேலை என்பதைக் குழந்தையின் இடத்திலிருந்து பார்த்தால்தான் புரியும். "கொடி" என்ற சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். கண்ணுக்கு முதலில் படுவது ஒற்றைக் கொம்பு. அதற்குத் தனியாக ஒலி இல்லை. அதை மனத்தில் வைத்துக்கொண்டு அடுத்துள்ள "க"வுக்குப் போக வேண்டும். இரண்டையும் சேர்த்துக் "கெ" என்று சொல்லிவிடலாமா? கூடாது. துணைக்கால் வருகிறதா என்று பார்க்க வேண்டும். வந்தால் "கொ". ஓர் ஒலியைச் சொல்வதற்குள் மூன்று வடிவங்கள், ஒரு தற்காலிக முடிவு, ஒரு திருத்தம். "கௌதாரி"யில் இன்னும் சிக்கல்: கடைசியில் நிற்கும் குறி அச்சு அசலாக "ள" போலவே இருக்கிறது, "கெளதாரி" என்று படிக்கும் பிள்ளை தவறான தர்க்கம் எதையும் பின்பற்றவில்லை. எழுத்து முடிந்தாலும் வேலை முடியவில்லை. "கடல்", "தங்கம்", "அகம்" மூன்றிலும் "க" ஒன்றுதான், ஒலி வேறு வேறு. சொல் முழுவதையும் கூட்டி, காதால் கேட்ட சொற்களோடு ஒப்பிட்டுப் பார்த்த பிறகே சரியான ஒலி கிடைக்கிறது. அதற்குள் வாக்கியத்தின் தொடக்கம் மறந்துவிடாமலும் இருக்க வேண்டும். ஏழு வயதில் இதைச் செய்கிறார்கள் என்பதே எனக்குத் தீராத வியப்பு.

வாசிப்பையும் மூளையையும் பற்றிய ஆய்வுகளில் பெரும்பங்கு ஆங்கிலத்தையும் பிற ஐரோப்பிய மொழிகளையும் பற்றியவை. கன்னடக் குழந்தைகளிடம் உளவியலாளர் சோனாலி நாக் செய்த ஆய்வு, எழுத்துகள் முழுவதும் கைவர ஆங்கில அகரவரிசையைவிடப் பல ஆண்டுகள் கூடுதலாகப் பிடிப்பதைக் காட்டியது. 247 எழுத்துகள் கொண்ட தமிழுக்கு இப்படிப்பட்ட ஆய்வுகள் பல நடக்க வேண்டும். அதற்கு நிதி ஒதுக்க வேண்டும். மொழிப்பற்றைக் காட்ட இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை.

இனி, எழுந்து நிற்கும் சிறுமியின் தலைக்குள் நடப்பது. செயல்படு நினைவு நடைபெறுவது நெற்றிக்குப் பின்னால் உள்ள முன்மூளைப் புறணியில். அங்கே நரம்பணுக்கள் ஒன்றையொன்று தூண்டிக்கொண்டே இருப்பதால்தான், கண் நகர்ந்த பிறகும் அந்த ஒற்றைக் கொம்பு மனத்தில் நிற்கிறது. இந்த வலைப்பின்னலை வலுவாக்குவதும் குலைப்பதும் நார்அட்ரினலின் என்ற ஒரே வேதிப்பொருள்தான் என்பதை யேல் பல்கலைக்கழகத்தின் ஏமி ஆர்ன்ஸ்டன் குழுவினர் கண்டறிந்தார்கள். விழிப்பும் ஆர்வமும் உள்ள நிலையில் அது மிதமாகச் சுரக்கிறது. நரம்பணுவின் மேற்பரப்பில் வேதிப்பொருளைப் பிடித்துக்கொள்ளும் ஏற்பிகளில், ஆல்ஃபா-2ஏ என்ற வகையில் போய் ஒட்டுகிறது. உடனே நரம்பணு இணைப்புகளுக்கு அருகே உள்ள அயனி வாயில்கள் மூடிக்கொள்கின்றன; குறிப்பலை சிந்தாமல் அடுத்த அணுவுக்குப் போய்ச் சேர்கிறது. அச்சம் வந்தால் அதே வேதிப்பொருள் வெள்ளமாகச் சுரக்கிறது. அப்போது, ஒட்டுவதற்கு அதிக அளவு தேவைப்படும் ஆல்ஃபா-1 ஏற்பிகளும் விழித்துக்கொள்கின்றன, இணைப்புகள் தளர்கின்றன. வாய்க்கால் கரையில் நாலைந்து இடத்தில் உடைப்பு எடுத்தால் கடைமடைக்குத் தண்ணீர் வராதல்லவா, அதுபோல. கொம்பைப் பிடித்து வைத்திருந்த அணுக்கள் அடங்கிவிடுகின்றன. சிறுமி "க"வுக்கு வரும்போது கொம்பு நினைவில் இல்லை. திரும்பிப் பார்க்கிறாள், தடுமாறுகிறாள், யாரோ சிரிக்கிறார்கள், இன்னும் கொஞ்சம் நார்அட்ரினலின்.

ஆபத்து வந்தால் யோசிக்காமல் ஓடு என்பதற்காக அமைந்த ஏற்பாடு இது. காட்டில் உயிரைக் காத்தது, வகுப்பறையில் வாயை அடைக்கிறது. "அடி உதவுவதுபோல் அண்ணன் தம்பி உதவமாட்டார்" என்று இன்னமும் சொல்லிக்கொண்டிருப்பவர்கள் இந்த வேதியியலைத் தெரிந்துகொள்ள வேண்டும். 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் அடியைத் தடை செய்தது. கேலிக்கும் முறைப்புக்கும் இதே விளைவு உண்டு. பிள்ளைகளின் கண்ணைக் கட்டிப் படிக்க வைப்பதாகச் சொல்லும் "நடுமூளை" பயிற்சிகளுக்கு ஆயிரக்கணக்கில் பணம் கட்டும் பெற்றோரிடமும் ஒன்று சொல்ல வேண்டும்: அதில் அறிவியல் துளியும் இல்லை. மூக்கோரத்து இடைவெளியில் பிள்ளை பார்க்கிறது, அவ்வளவுதான். அந்தப் பணத்துக்குக் கதைப் புத்தகங்கள் வாங்குங்கள்.

மேலே சொன்னதில் மிதமான சுரப்பு என்ற பகுதியையும் விட்டுவிடக் கூடாது. அது முற்றிலும் குறைந்தால் வருவது தூக்கம். ஆகவே இதமான வகுப்பறை என்பது சவால் இல்லாத வகுப்பறை ஆகாது. தமிழ்நாட்டு அரசின் வாசிப்பு இயக்கப் புத்தகங்கள் நுழை, நட, ஓடு, பற என்று நான்கு படிநிலைகளில் வருவது இதற்குப் பொருத்தமான ஏற்பாடு. எட்டும் உயரத்தில் உள்ள புத்தகமே குழந்தையை முயல வைக்கும். புதிய சொல் ஒன்றைக் குழந்தை தானே கூட்டிச் சரியாகப் படிக்கும் ஒவ்வொரு முறையும் அதன் வடிவம் நினைவில் பதிகிறது, சில தடவைகளிலேயே கூட்டாமல் படிக்க முடிகிறது என்பது இஸ்ரேலிய உளவியலாளர் டேவிட் ஷேர் 1995இல் விரிவாக முன்வைத்த கருத்து. முயலப் பயப்படும் பிள்ளைக்கு இந்த வாய்ப்புகள் நாள்தோறும் கைநழுவுகின்றன.

2003இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கிய செயல்வழிக் கற்றல் முறையை இந்தக் கண்ணோடு பார்க்கிறேன். அதில் குறைகள் இருந்தன. ஆனால் கீழ்மட்டக் கரும்பலகை அருமையான யோசனை. சுவரின் அடிப்பகுதியில் ஒவ்வொரு குழந்தைக்கும் ஓர் இடம். எழுதிப் பார்க்கலாம், தவறென்றால் கையாலேயே அழித்துவிடலாம். ஊரே பார்க்க வேண்டியதில்லை. ஆசிரியரும் பாயில் உட்கார்ந்ததால் அண்ணாந்து பார்த்துப் பதில் சொல்லும் நிலையும் மாறியது. அந்த ஆசிரியையின் பாய் நிச்சயமாக உதவுகிறது.

வண்ணத்தைப் பற்றிக் கவனம் தேவை. அமெரிக்காவின் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தார் 2014இல் வெளியிட்ட சிறிய ஆய்வொன்றில், சுவர் நிறையப் படங்கள் ஒட்டிய அறையில் மழலையர் அதிகம் கவனம் சிதறினார்கள், குறைவாகக் கற்றார்கள். சுவருக்குச் செலவிடுவதில் ஒரு பங்கைச் சத்தத்தைக் குறைக்கச் செலவிடலாம். நியூயார்க்கில் உயர்த்தப்பட்ட ரயில் பாதையை ஒட்டிய ஒரு பள்ளியில், பாதைப் பக்க அறைகளில் படித்த ஆறாம் வகுப்பு மாணவர்கள் மறுபக்கத்து மாணவர்களைவிட வாசிப்பில் ஏறக்குறைய ஓராண்டு பின்தங்கியிருந்ததை உளவியலாளர் ஆர்லின் பிரான்சாஃப்ட் 1975இல் காட்டினார். தண்டவாளத்துக்கு ரப்பர் திண்டும், அறைகளுக்கு ஒலி உறிஞ்சும் கூரையும் வந்த பிறகு அந்த இடைவெளி மறைந்தது.

அந்தச் சிறுமிக்கு: நாளை படிக்க வேண்டிய பத்தியை இன்றே காட்டிவிடுங்கள். முதல் சில வாரங்கள் தோழி ஒருத்தியோடு சேர்ந்து படிக்கட்டும், உட்கார்ந்தபடியே. தடுமாறினால் மூன்று நொடியாவது காத்திருங்கள். ஆசிரியர்கள் கேள்வி கேட்டுவிட்டு வழக்கமாக ஒரு நொடி அளவே காத்திருக்கிறார்கள், அதை மூன்றாக்கினால் பிள்ளைகளின் பதில்கள் நீள்கின்றன என்று அமெரிக்கக் கல்வி ஆய்வாளர் மேரி பட் ரோ 1970களிலேயே அளந்து சொல்லியிருக்கிறார். கொம்பிலிருந்து துணைக்காலுக்குப் போய்ச் சேர அவளுக்கு அந்த நேரம் வேண்டும். அதற்குள் வகுப்பிலிருந்து யாரும் விடையைச் சொல்லிவிடாமல் மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.