அரை ஆள் கூலி

என் பால்ய சிநேகிதனின் பதினாறாம் நாள் காரியம் முடிந்து பந்தி நடந்துகொண்டிருந்தது. அவனோடு வேலை பார்த்த பையன் ஒருவன் என் பக்கத்து இலையில் வந்து உட்கார்ந்தான். "சார், நீங்க லேபர் கேஸ் பாக்கிற வக்கீல்தானே? அண்ணனுக்கு நாள் கூலி 260தான் குடுத்தாங்க. எங்களுக்கெல்லாம் 450. உங்களுக்குத் தெரிஞ்சிருக்குமே?" என்றான். எனக்குத் தெரியாது. ரசம் ஊற்ற வந்தவர் என் இலைக்கு முன்னால் வாளியோடு நின்றுகொண்டிருந்தார்.

குன்னூரில் 24 வருடமாகத் தொழிலாளர் வழக்குகள் நடத்துகிறேன். எஸ்டேட், தேயிலைத் தொழிற்சாலை, லாட்ஜ், பேக்கரி என்று சம்பளப் பாக்கி வாங்கிக் கொடுத்ததுதான் என் பிழைப்பு. அநேகமாக எல்லா ஞாயிற்றுக்கிழமையும் அவனோடு உட்கார்ந்து டீ குடித்திருக்கிறேன். உனக்கு என்னடா சம்பளம் என்று ஒரு தடவைகூடக் கேட்டதில்லை.

அவன் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. மனைவியும் மகளும் அதே ஊரில்தான் இருக்கிறார்கள். 1972இல் பிறந்தவன், என்னைவிட இரண்டு மாதம் மூத்தவன். ஒன்றரை வயதில் போலியோ. வலது காலில் தொடையிலிருந்து ஷூ வரைக்கும் காலிப்பர், காலைத் தாங்கிப் பிடிக்கிற இரும்புச் சட்டம். குன்னூரைத் தெரிந்தவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை, எங்கே போவதென்றாலும் படிக்கட்டு, இல்லாவிட்டால் மேடு. பள்ளிக்கூடத்துக்கு நூற்றுச் சொச்சம் படி. அவன் பையையும் சேர்த்து நான் சுமப்பேன், அதற்குக் கூலியாக அவன் எனக்குக் கணக்குப் போட்டுக் கொடுப்பான். உட்கார வேண்டுமென்றால் முட்டிப் பக்கம் இருக்கும் இரும்பு வளையத்தை விரலால் மேலே தூக்கிவிட வேண்டும். அப்போதுதான் கால் மடங்கும். எழுந்து நின்றதும் வளையம் இறங்கி 'டக்' என்று பூட்டிக்கொள்ளும். வாத்தியார் வகுப்புக்குள் வந்தால் நாங்கள் எல்லோரும் எழுந்து நின்ற பிறகு, கடைசியாக அந்த 'டக்' கேட்கும். ஆனி, ஆடி மழையில் தோல் வார் ஊறிப்போய்த் தொடையை அறுத்துவிடும். ராத்திரி அதை அடுப்புப் பக்கம் காயவைத்து, காலையில் விறைத்துப்போனதை நல்லெண்ணெய் தடவி இளக்கிக் கட்டிக்கொண்டு வருவான்.

தொண்ணூறுகளில் எஸ்டிடி பூத் வைத்திருந்தான். அப்போது மாற்றுத்திறனாளிகளுக்கு முன்னுரிமை கொடுத்து பூத் ஒதுக்குவார்கள். நன்றாகவே ஓடியது. செல்போன் வந்து அதை மூடவைத்தது. 2006இல், தேயிலை வாங்கிக் கலந்து பாக்கெட் போட்டு விற்கிற ஒரு இடத்தில் வேலைக்குச் சேர்ந்தான். கால் கிலோ எடை போட்டு, உறையில் கொட்டி, ஒட்டி, பெட்டியில் அடுக்க வேண்டும். எல்லோரும் உட்கார்ந்து செய்கிற வேலை. காலுக்கு அங்கே வேலையே இல்லை என்பதைக் கவனியுங்கள்.

2025 ஆடியில், ஒரு மழை நாள் விடியற்காலையில், மாரடைப்பு.

சிநேகிதனுக்குத் தீட்டு கிடையாது. மொட்டை கிடையாது. பங்காளிகள் வரிசையிலும் நிற்க முடியாது, சம்பந்தி முறையிலும் இடம் கிடையாது. எடுத்த மறுநாள் எனக்கு ஊட்டியில் விசாரணை இருந்தது, போனேன். வாய்தா வாங்கியிருக்கலாம், நீதிபதியிடம் என்ன உறவு என்று சொல்லிக் கேட்பது என்று தெரியவில்லை. அந்த வாரம் முழுக்க வேலை பார்த்தேன். பதினாறாம் நாள் அந்தப் பையன் 260 என்று சொன்ன பிறகுதான் எனக்குத் துக்கம் ஒழுங்காகப் பிடித்தது. அது கோபம் மாதிரி வந்தது. பாதி முதலாளி மேல், பாதிக்கு மேலே என் மேல்.

முதலாளியும் காரியத்துக்கு வந்திருந்தார். எடுப்புச் செலவுக்குப் பத்தாயிரம் கொடுத்திருந்தார். என் கையைப் பிடித்துக்கொண்டு, "என் தம்பி மாதிரி வெச்சிருந்தேன் சார்" என்றார், கண் கலங்கினார். நடிப்பு இல்லை. அந்த மனுஷன் உண்மையிலேயே அப்படித்தான் நினைத்துக்கொண்டிருக்கிறார். தம்பிக்கு ஒரு நாளைக்கு 190 ரூபாய் குறைத்துக் கொடுப்பது அவர் மனக்கணக்கில் எங்கேயும் இடிக்கவில்லை.

'அரை ஆள்' என்று நம் பக்கம் ஒரு சொல் உண்டு. காட்டு வேலையில் சின்னப் பையன்களையும் வயதானவர்களையும் அரை ஆளாகக் கணக்கு வைத்து அரைக் கூலி கொடுப்பார்கள். அந்தக் கணக்கு காட்டிலிருந்து கிளம்பி தையல் கடை, அச்சகம், ஜெராக்ஸ் கடை, சாக்லேட் பேக்கிங் வரைக்கும் வந்துவிட்டது. என் ஆபீசுக்கு வருகிற மாற்றுத்திறனாளிகளில் பலர் சம்பளம் குறைவு என்று புகார் சொல்லி வருவதில்லை. வேறு எதற்காவது வருவார்கள், பி.எஃப். வரவில்லை, திடீரென்று நிறுத்திவிட்டார்கள் என்று. பேச்சுவாக்கில்தான் சம்பளம் வெளியே வரும். "நமக்கு யாருங்க வேலை குடுப்பாங்க, வெச்சிருக்கிறதே பெரிசு" என்று அவர்களே முதலாளிக்காக வாதாடுவார்கள்.

சட்டம் என்ன சொல்கிறது? அவன் உயிரோடு இருந்த காலத்தில் நடைமுறையில் இருந்தது 1948ஆம் ஆண்டின் குறைந்தபட்சக் கூலிச் சட்டம். அதில் 26(1) என்று ஒரு உட்பிரிவு. ஊனமுற்ற ஊழியர்களின் கூலிக்கு இந்தச் சட்டம் பொருந்தாது என்று அரசு உத்தரவிடலாம் என்றது. 'அரசு' உத்தரவிடலாம், முதலாளி இல்லை. ஆனால் எதிர்த்தரப்பு வக்கீல்கள், எந்த உத்தரவும் கையில் இல்லாமலே, இந்தப் பிரிவை ஒரு தடவையாவது சொல்லிப் பார்க்காமல் விடமாட்டார்கள். அமெரிக்காவிலும் இதற்கு அக்கா முறையில் ஒன்று உண்டு, 1938ஆம் ஆண்டுச் சட்டத்தின் 14(சி) பிரிவு. குறைந்தபட்சக் கூலிக்கும் கீழே கொடுக்க அங்கே முதலாளி அரசிடம் சான்றிதழ் வாங்கியாக வேண்டும். பல மாநிலங்கள் அதையும் ஒழித்துவிட்டன. நம் ஊரில் சான்றிதழ் கேட்கக்கூட ஆள் இல்லை.

"அவரே ஒத்துக்கிட்டுத்தான் சேர்ந்தார்" என்பது அடுத்த வாதம். குறைந்தபட்சக் கூலியை விட்டுக்கொடுத்து யார் எதில் கையெழுத்துப் போட்டிருந்தாலும் அது செல்லாது. அதே சட்டத்தின் 25ஆம் பிரிவு அதைச் சொல்லிவிட்டது. 1982 ஏஷியாட் விளையாட்டுக்காக டெல்லியில் கட்டட வேலை பார்த்த தொழிலாளர் வழக்கில் உச்ச நீதிமன்றம் இன்னும் ஒரு படி மேலே போனது. பசியால் ஒருவன் குறைந்தபட்சக் கூலிக்கும் கீழே ஒத்துக்கொண்டால், அது அரசியலமைப்பின் 23ஆம் பிரிவு தடை செய்யும் கட்டாய உழைப்பு என்றது. வேகம் குறைவு என்பார்கள். எத்தனை பாக்கெட் என்று கணக்குக் காட்டச் சொன்னால் அதோடு அந்தப் பேச்சு நின்றுவிடும். என் சிநேகிதன் விஷயத்தில் அந்தப் பையனே சொன்னான்: "அண்ணன்தான் சார் எங்களைவிட ஸ்பீடு. எந்திரிச்சு டீ குடிக்கப் போகமாட்டாரே." மாதாமாதம் அரசு உதவித்தொகை வருகிறதே என்றும் கேட்பார்கள். அது அரசு கொடுப்பது. முதலாளி அதைக் கூலியில் கழித்துக்கொள்ள அவர் என்ன கஜானா அதிகாரியா?

2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தைப் பற்றியும் கேட்பார்கள். ஊனத்தைக் காரணம் காட்டிப் பாகுபாடு கூடாது என்று அதன் மூன்றாம் பிரிவு சொல்கிறது. ஆனால் வேலையில் பாகுபாட்டை நேராகத் தடுக்கிற 20ஆம் பிரிவு அரசு நிறுவனங்களுக்கு மட்டும்தான் பேசுகிறது. இதைச் சொன்னால் சில நண்பர்களுக்கு என் மேல் வருத்தம். இல்லாததை இருக்கிறது என்று சொல்லி யாரையும் கோர்ட் படியேற்ற எனக்கு மனசில்லை. தனியார் இடத்தில் சம்பளத்துக்கு உறுதியான பிடி கூலிச் சட்டம்தான்.

அரைக் கூலி ஆள் செத்த பிறகும் விடாது. அதைத்தான் அவன் விஷயத்தில் கண்கூடாகப் பார்த்தேன். அவன் வேலை பார்த்த இடத்தில் 14 பேர். பத்துப் பேரோ அதற்கு மேலோ இருந்தால் கிராஜுவிட்டி என்கிற பணிக்கொடை உண்டு, அதுவும் இறந்துபோனால் ஐந்து வருடக் கெடுவும் கிடையாது. ஒரு வருடத்துக்கு 15 நாள் கூலி. அவனுக்கு 19 வருடம். 260ஐ வைத்துப் பெருக்கினால் 74,100. 450ஐ வைத்தால் 1,28,250. உயிரோடு இருக்கும்போது நாளுக்கு 190 போனது, செத்த பிறகு மொத்தமாக 54,150 போகிறது. பி.எஃப். பிடித்திருந்தால் அதிலும் இதே விகிதம்தான்.

அவன் மனைவியிடம் போய்ச் சொன்னேன். "வேண்டாங்கண்ணா. அவங்க நல்லாத்தான் வெச்சிருந்தாங்க. செத்தவர் பேருக்குக் கேஸ் எதுக்கு?" என்றாள். சுவரில் காலிப்பர் மாட்டியிருந்தது. நான் ஒன்றும் வற்புறுத்தவில்லை. மகள்தான் உள்ளேயிருந்து, "அப்பா கணக்குல தப்பு விடமாட்டாரும்மா" என்றாள். மனு போட்டோம். நோட்டீஸ் போனதும் 74,100க்கு காசோலை வந்துவிட்டது. மிச்சத்துக்கு வழக்கு நடக்கிறது. அப்போதிருந்த கிராஜுவிட்டிச் சட்டம் ஊதியம் என்பதற்கு, கொடுத்தது மட்டும் இல்லை, கொடுக்க வேண்டியதும்தான் என்று அர்த்தம் சொன்னது. அந்த ஒரு சொல்லில் நின்று வாதாடிக்கொண்டிருக்கிறேன்.

ஆனால் 19 வருடக் கூலி பாக்கி போனது போனதுதான். அந்த 1948 சட்டத்தில் ஆறு மாதத்துக்குள் கேட்க வேண்டும், தாமதமானால் தக்க காரணம் சொல்ல வேண்டும். நான் என்ன காரணம் எழுதுவது? ஞாயிற்றுக்கிழமை டீ குடிக்கும்போது வக்கீல் கேட்க மறந்துவிட்டார் என்றா?

அவன் இறந்து நாலு மாதம் கழித்து, 2025 நவம்பர் 21 முதல், அந்த 1948 சட்டத்துக்குப் பதிலாக ஊதியச் சட்டத் தொகுப்பு அமலுக்கு வந்தது. தொழிலாளர் சட்டத் தொகுப்புகளைப் பற்றி எனக்கு நிறைய மனத்தாங்கல் உண்டு, அது வேறு கட்டுரை. ஆனால் கூலி விஷயத்தில் மூன்று காரியம் நல்லது. குறைந்தபட்சக் கூலி முன்பு அட்டவணையில் இருந்த தொழில்களுக்கு மட்டும்தான், இப்போது எல்லா வேலைக்கும். பாக்கி கேட்க மூன்று வருடம் வரை அவகாசம். குறைத்துக் கொடுத்தார் என்று புகார் போனால், சரியாகக் கொடுத்தேன் என்று நிரூபிக்கிற பொறுப்பு முதலாளியுடையது. அதற்காக வெறுங்கையோடு வந்துவிடாதீர்கள். சம்பள உறை, வங்கிப் பாஸ்புக், ஜிபே வரவு, சூப்பர்வைசர் அனுப்பிய வாட்ஸ்அப், எது இருந்தாலும் பத்திரப்படுத்துங்கள். பக்கத்தில் உட்கார்ந்து அதே வேலை செய்கிறவருக்கு எவ்வளவு என்று தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள். வீட்டில், நட்பில் இப்படி ஒருவர் வேலைக்குப் போகிறார் என்றால் சம்பளத்தைக் கேளுங்கள். நாகரிகம் இல்லையோ என்று யோசித்துத்தான் நானும் கேட்காமல் இருந்தேன்.

தை மாதம், அந்தப் பையன் ஒரு பெண்ணை என் ஆபீசுக்கு அழைத்து வந்தான். அதே பேக்கிங் வேலை, வேறு இடம். காது கேட்காது, பேச்சும் இல்லை. என் மேஜையிலிருந்த காகிதத்தை இழுத்து 280 என்று எழுதினாள். மற்றவர்களுக்கு? 450. அப்புறம் செல்போனை எடுத்து டைப் செய்து என் பக்கம் திருப்பினாள்: "வேலை போயிருமா?"

போகாது என்று சொல்ல வாய் வரவில்லை. "போகலாம். போனால் அதற்கும் சேர்த்துக் கேட்போம்" என்று டைப் செய்து காட்டினேன். படித்தாள். போனைப் பையில் போட்டுக்கொண்டு ஒன்றும் சொல்லாமல் போய்விட்டாள். அவ்வளவுதான் என்று நினைத்தேன்.

அடுத்த திங்கட்கிழமை தனியாக வந்தாள். பழைய டீத்தூள் பையில் சம்பள உறைகள், மொத்தம் பதினொன்று. ஒவ்வொன்றின் மேலும் தொகையைப் பென்சிலில் குறித்து வைத்திருந்தாள். அவள் எதிரே உட்கார்ந்திருக்க, கூட்டிப் பார்த்தேன். பிறகு இன்னொரு தடவை கூட்டினேன். கணக்கில் நான் சின்ன வயதிலிருந்தே கொஞ்சம் மோசம்.