கச்சான் காற்றும் கம்பியில்லா கியரும்

பாம்பன் பாலத்தை விட்டால் எங்கள் ராமநாதபுரம் கரையில் மேடு என்று சொல்ல ஒன்றுமில்லை. இங்கே காற்றுதான் மேடு. அரிச்சல்முனைக்குச் சைக்கிளில் போகும்போது முதுகைத் தள்ளிவிட்ட கச்சான், திரும்பும்போது முகத்தில் அறையும். கியரைக் குறைக்காமல் ஊர் வந்து சேர முடியாது.

போன வருடம் அந்த நேரம் பார்த்து என் கியர் மாற மறுத்தது. வீட்டுக்கு வந்து, கைப்பிடி லிவரிலிருந்து கியருக்கு ஓடும் கம்பியை உறையிலிருந்து உருவினால், பாதியில் சிக்கி நின்றது. பிடித்து இழுத்ததும் உள்ளங்கையில் செம்பொடி கொட்டியது. உப்புக்காற்றின் வேலை.

பின்சக்கரத்தில் 11 அல்லது 12 பல்சக்கரங்கள். அடுத்தடுத்த இரண்டுக்கும் இடைவெளி 4 மில்லிமீட்டர்கூட இல்லை. அந்தத் தூரம் நகர்ந்து செயினைப் பக்கத்துப் பல்சக்கரத்துக்குத் தள்ளும் கைதான் டீரெய்லர். கம்பி கொஞ்சம் இறுகினாலும் தளர்ந்தாலும் செயின் இரண்டுக்கும் நடுவே கடகடக்கும்.

அப்புறம் மதுரையிலிருந்து வந்த நண்பரின் பந்தய சைக்கிளைப் பார்த்தேன். லிவரை விரலால் தட்டினார். பின்னால் மெல்லிய முனகல், செயின் மாறிவிட்டது. கம்பியே இல்லை.

லிவருக்குள் கைக்கடிகாரத்தில் போடுவதுபோன்ற வில்லை பேட்டரி, ஒரு சுவிட்ச், குட்டி ரேடியோ. வைஃபை ஓடும் அதே 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையில் கட்டளை போகிறது. டீரெய்லருக்குத் தனி பேட்டரி, தனி மோட்டார். ஒவ்வொரு பல்சக்கரத்துக்கும் எங்கே நிற்க வேண்டும் என்பது அதற்கு மனப்பாடம். அங்கே போய் நின்றுகொள்கிறது. இழுவிசை என்ற பேச்சே இல்லை.

1999-இலேயே மேவிக் நிறுவனம் கம்பியில்லா கியரை விற்றது, நிலைக்கவில்லை. 2015-இல் ஸ்ராம் நிறுவனம் கொண்டுவந்த ஈடேப் கியர்தான் பந்தயங்களில் வேரூன்றியது. அதில் வலது லிவர் கியரைக் கனமாக்கும், இடது லிவர் இலேசாக்கும், இரண்டையும் சேர்த்து அழுத்தினால் முன்பக்கப் பல்சக்கரங்களில் செயின் மாறும். விரலுக்கு உடனே பழகிவிடும்.

சரி, பக்கத்தில் ஓட்டுபவரின் லிவர் நம் கியரை மாற்றாதா? லிவரையும் டீரெய்லரையும் முதலிலேயே ஜோடி சேர்த்துவிடுவார்கள்; பேச்சும் சங்கேதத்தில்தான். ஆனாலும் 2024-இல் அமெரிக்க ஆய்வாளர்கள் ஷிமானோ நிறுவனத்தின் கம்பியில்லா கியரில் ஓட்டை கண்டுபிடித்தார்கள். சங்கேதத்தை உடைக்கவே இல்லை. சிக்னலைப் பதிவுசெய்து, சுமார் 10 மீட்டர் தள்ளி நின்று அப்படியே திருப்பி ஒலிபரப்பினார்கள், கியர் மாறியது! அந்த நிறுவனம் மென்பொருளைத் திருத்த வேண்டியதாயிற்று.

சைக்கிள் அசையாவிட்டால் டீரெய்லர் தூங்கிவிடும். அசைவு தெரிந்தால் விழிக்கும். அதனால் கார் மேல் கட்டிக் கொண்டுவரும்போது பேட்டரியைக் கழற்றிவிடுவது நல்லது என்றார் நண்பர். இல்லாவிட்டால் வழியெல்லாம் குலுங்கி விழித்தே கிடந்து தீர்ந்துபோகும்.

விலையைக் கேட்டுவிட்டு நான் புதுக் கம்பி வாங்கிப் போட்டேன். செயின் இரண்டு பேருக்கும் இரும்புதான். அன்று சாயங்காலம் நல்ல தண்ணீரில் கழுவி, துடைத்து, எண்ணெய் விட்டோம்.