நாவல் வாசகர் வாங்கும் முதல் டிக்கெட்

மேலூரிலிருந்து ஒரு வாசகி கேட்டிருக்கிறார்: "தமிழில் நாவல் படிப்பவர்கள் எத்தனை பேர் இருந்துவிடப் போகிறார்கள்? அவர்கள் எல்லோரும் டிக்கெட் வாங்கினாலும் ஒரு படம் ஓடாதே. பிறகு ஏன் 'புகழ்பெற்ற நாவலைத் தழுவியது' என்று போஸ்டரில் போட்டுக்கொள்கிறார்கள்? வெறும் கௌரவத்துக்கா?"

அவர் போட்ட கணக்கில் பிழையில்லை. தமிழ் நாவலின் ஒரு பதிப்பு பெரும்பாலும் ஆயிரம் பிரதியோடு நின்றுவிடும். மதுரையில் 1952-இல் 'பராசக்தி'யோடு திறக்கப்பட்ட தங்கம் தியேட்டரில் 2,500-க்கும் மேற்பட்ட இருக்கைகள் இருந்தன. ஒரு பதிப்பை வாங்கிய அத்தனை பேரையும் கூட்டிவந்து அங்கே உட்காரவைத்திருந்தால், ஒரே ஒரு காட்சிக்குக்கூட அரங்கு பாதி நிறைந்திருக்காது. 'பொன்னியின் செல்வன்' போன்ற விதிவிலக்குகளைத் தள்ளிவைத்தால், வாசகர் எண்ணிக்கையை நம்பி யாரும் படம் எடுக்க முடியாது.

ஆனாலும் கௌரவத்துக்காக மட்டும் அந்த வரி போஸ்டரில் ஏறுவதில்லை. அதன் வேலையைப் புரிந்துகொள்ள, ஒருவர் டிக்கெட் வாங்க எப்படி முடிவெடுக்கிறார் என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

சுங்குடிச் சேலை வாங்கப் போனால் பிரித்துப் பார்க்கலாம், சாயம் போகுமா என்று கேட்கலாம், பிடிக்காவிட்டால் அடுத்த கடைக்கு நடக்கலாம். சினிமாவில் அது முடியாது. நல்ல படமா என்பது பார்த்து முடித்த பிறகே தெரியும். அதற்குள் பணம் போயிருக்கும். பொருளியலாளர் ஃபிலிப் நெல்சன் 1970-இல் இந்த இரண்டு வகைப் பொருள்களையும் பிரித்துக் காட்டினார். நுகர்ந்தால்தான் தரம் தெரியும் என்ற வகையில் மனிதர்கள் செய்வது ஒன்றுதான்: மற்றவர்கள் என்ன செய்கிறார்கள் என்று பார்ப்பார்கள்.

எல்லோரும் மற்றவர்களையே பார்த்துக்கொண்டிருந்தால் யார் முதலில் போவது? என்னைப் பல நாள் பிடித்துவைத்திருந்த கணக்கு இங்கேதான் வருகிறது. அமெரிக்கச் சமூகவியலாளர் மார்க் கிரானோவெட்டர் 1978-இல் எழுதிய கட்டுரை அது. அவர் எடுத்துக்கொண்டது கலவரம். நாம் அதைச் செல்லூரில் ஒரு தெருவாக மாற்றிக்கொள்ளலாம்.

தெருவில் நூறு பேர். ஒவ்வொருவருக்கும் ஒரு 'துணை எண்' உண்டு. அதாவது, இத்தனை பேர் படத்துக்குப் போய்விட்டார்கள் என்று தெரிந்தால்தான் அவரும் போவார். ஒருவருடைய எண் 0. யார் போனாலும் போகாவிட்டாலும் அவர் போவார். அடுத்தவருடைய எண் 1, அதற்கடுத்தவருடையது 2. இப்படியே 99 வரை. படம் வெளியாகிறது. 0 எண்காரர் போகிறார். ஒருவர் போய்விட்டார் என்றதும் 1 எண்காரர் கிளம்புகிறார். இரண்டு பேர் ஆனதும் 2 எண்காரர். சங்கிலி அறுபடாமல் போய் நூறு பேரும் பார்த்துவிடுகிறார்கள். விநியோகஸ்தர் வெற்றி விழாவுக்கு மண்டபம் பிடிக்கிறார்.

பக்கத்துத் தெருவிலும் நூறு பேர், அதே எண்கள். ஒரே ஒரு மாற்றம்: 1 எண்காரர் இருக்க வேண்டிய இடத்தில் இன்னொரு 2 எண்காரர். 0 எண்காரர் போகிறார். அடுத்துக் கிளம்ப இரண்டு பேர் தயாராக இருக்கிறார்கள். ஆனால் இருவருக்குமே இரண்டு பேர் போயிருக்க வேண்டும். போனதோ ஒருவர். அவ்வளவுதான், கதை முடிந்தது. ஒரு தெருவில் நூறு டிக்கெட், அடுத்த தெருவில் ஒன்று. இரண்டு தெருக்களிலும் சராசரித் துணை எண்ணைக் கணக்கிட்டால் 49.5, 49.51 என்று வரும். வீடு வீடாகப் போய்க் கேட்கும் எந்தக் கருத்துக்கணிப்பாலும் இந்த வித்தியாசத்தைக் கண்டுபிடிக்க முடியாது. ரசனை, வசதி, சினிமா மோகம் எல்லாம் இரண்டு தெருவிலும் ஒன்றே. ஒன்றில் படம் அமோக வெற்றி, மற்றொன்றில் படுதோல்வி.

இனி அந்தத் தோற்ற தெருவில் ஒரு சின்ன வேலை செய்வோம். 99 எண் கொண்டவர் ஒருவர் இருக்கிறாரே, ஊரே போனாலும் கடைசியில் போகிறவர், அவர் அந்த நாவலைப் படித்தவர் என்று வைத்துக்கொள்வோம். இந்த ஒரு படத்துக்கு மட்டும் அவருடைய எண் 0 ஆகிறது. முதல் நாள் இரண்டு பேர் போகிறார்கள். அது போதும், இரண்டு 2 எண்காரர்களும் கிளம்புவார்கள். நான்கு பேர் ஆனதும் 3, 4 என்று மேலே ஏறி, நூறு பேரும் பார்த்துவிடுவார்கள். போட்டுப் பாருங்கள், காகிதமும் பென்சிலும் இருந்தால் பத்து நிமிட வேலை. ஒரு வாசகர், கூடுதலாகத் தொண்ணூற்றொன்பது டிக்கெட்.

மேலூர் வாசகிக்கு விடை இதுதான். வாசகர்களைக் கொண்டு அரங்கை நிரப்புவது யாருடைய திட்டமும் அல்ல. சங்கிலியின் அடிக்கண்ணி அறுபட்டுக் கிடக்கும் இடங்களில் ஒரு கண்ணியைச் சேர்க்கவே அவர்கள் வேண்டும்.

உடனே ஒரு மறுப்பு வரும். எண் 0 ஆக இருப்பவர்கள் நம் ஊரில் ஏற்கெனவே ஏராளம் உண்டே, ரசிகர் மன்றம் எதற்கு இருக்கிறது? மதுரையில் முதல் நாள் முதல் காட்சிக்குக் கூட்டம் வராத பெரிய நட்சத்திரம் உண்டா? நியாயமான கேள்வி. ஆனால், போகிற ஒவ்வொருவரும் ஒரே அளவுக்குச் செய்தி சொல்வதில்லை. சுஷீல் பிக்சந்தானியும் அவருடைய இரண்டு சகாக்களும் 1992-இல் வெளியிட்ட கோட்பாட்டின் மையம் இதுதான்: அடுத்தவர் செயலைப் பார்த்து, அவருக்கு என்ன தெரிந்திருக்கும் என்று நாம் ஊகிக்கிறோம். ரசிகர் அதிகாலையிலேயே போய்ப் பாலாபிஷேகம் செய்கிறார் என்றால் அதிலிருந்து படத்தைப் பற்றி என்ன தெரியவருகிறது? ஒன்றுமில்லை. அவர் எப்படியும் போவார். எதிர்வீட்டுக்காரர் இதைக் கணக்கில் கழித்துவிட்டே யோசிப்பார்.

ஓய்வுபெற்ற தமிழாசிரியை ஒருவர், தியேட்டர் பக்கம் போய் எத்தனையோ வருடம் ஆனவர், திடீரென்று "டிக்கெட் கிடைக்குமா, பார்" என்று பேரனிடம் சொன்னால்? தெருவே திரும்பிப் பார்க்கும். அபூர்வமாகப் போகிறவர் போவதில்தான் செய்தி இருக்கிறது. தவிர, அவர் தனியாகப் போக மாட்டார். பேரன் ஆட்டோ பிடிக்க வேண்டும், மருமகள் கூட வர வேண்டும், மருமகள் வந்தால் குழந்தையும் வரும். ஒரு 0, நான்கு டிக்கெட்டாகிறது. 2022 செப்டம்பர் 30-ஆம் தேதி 'பொன்னியின் செல்வன்' முதல் பாகம் வெளியானபோது பல ஊர்களில் நடந்தது இதுதான். 1950 முதல் 1954 வரை 'கல்கி' இதழில் வாரந்தோறும் வந்ததைப் படித்தவர்களும், பைண்டு செய்த தொகுப்பில் படித்தவர்களும், 1999-இல் நாட்டுடைமையான பிறகு மலிவுப் பதிப்பில் படித்தவர்களும் என்று மூன்று தலைமுறை ஒரே வரிசையில் நின்றது.

கதை தெரிந்தவர்கள் ஏன் பணம் கொடுத்துப் பார்க்கிறார்கள் என்பது தனிக் கேள்வி. முடிவு முன்பே தெரிந்தால் கதையின் சுவை கூடுகிறது என்று 2011-இல் கலிஃபோர்னியாவில் ஓர் ஆய்வு சொன்னது. பின்னர் வந்த சில ஆய்வுகள் அதை மறுத்தன. என்னைக் கேட்டால், மனத்தில் ஓடிய முகத்தோடு திரையில் வரும் முகத்தை ஒப்பிட்டுச் சண்டை போடுவது ஒரு தனிச் சுகம்.

இன்னொரு நுட்பமும் உண்டு. துணை எண் என்பது ஊரில் மொத்தம் எத்தனை பேர் என்பதல்ல. நம் கண்ணில் படுகிறவர்களில் எத்தனை பேர் என்பதே. எனவே வாசகர்கள் சிதறிக் கிடக்கிறார்களா, கொத்தாக இருக்கிறார்களா என்பது முக்கியம். டேமன் சென்டோலா 2010-இல் இணையத்தில் 1,528 பேரை வைத்து இதைச் சோதித்தார். எல்லோருக்கும் ஒரே எண்ணிக்கையில் நண்பர்கள். பாதிப் பேருக்கு அந்த நண்பர்கள் ஒருவருக்கொருவர் அறிமுகமானவர்கள், மீதிப் பேருக்கு அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சிதறியவர்கள். ஓர் உடல்நலத் தளத்தில் சேரும் பழக்கம், கொத்தாக இருந்தவர்களிடையே சுமார் 54 சதவீதம் பேருக்குப் பரவியது. சிதறியவர்களிடையே 38 சதவீதத்தோடு நின்றது. ஒருவர் சொன்னால் தள்ளிவிடுகிறோம். இரண்டு பேர் தனித்தனியாகச் சொன்னால் யோசிக்கிறோம்.

வாரப் பத்திரிகைத் தொடர்கதைக்கு இருந்த பலம் இங்கேதான் விளங்குகிறது. ஒரு பிரதி, வீட்டில் ஐந்து பேர், பக்கத்து வீட்டில் மூன்று பேர், எல்லோரும் ஒரே வாரத்தில் ஒரே அத்தியாயத்தில். இதைவிடக் கெட்டியான கொத்து கிடைக்காது. இதை நம் ஆட்கள் ஆய்வுக்கட்டுரை படிக்காமலே கண்டுபிடித்துவிட்டார்கள். 1939-இல் கே. சுப்பிரமணியம் 'தியாகபூமி'யைப் படமாக்கிக்கொண்டிருந்தபோதே கல்கி அதை 'ஆனந்த விகட'னில் தொடராக எழுதினார். ஓவியத்துக்குப் பதில் படத்தின் புகைப்படங்களே அச்சாயின. படம் வருவதற்குள் பாத்திரங்களின் முகம் வாசகருக்குப் பழகிவிட்டது. எண்பது ஆண்டு கழித்தும் இதற்கு மேல் ஒரு விளம்பர உத்தியை நான் பார்க்கவில்லை. கொத்தமங்கலம் சுப்புவின் 'தில்லானா மோகனாம்பாள்' விகடனில் வந்து, 1968-இல் படமானபோதும் அந்த வாசகக் கொத்து கலையாமல் இருந்தது. மதுரையில் புத்தகமும் படமும் அவ்வளவு தள்ளி இருந்ததும் இல்லை; ரயில் நிலையத்துக்கு அருகே விக்டோரியா எட்வர்டு மன்றக் கட்டடத்தில் நூலகமும் ரீகல் தியேட்டரும் ஒரே கூரையின் கீழ் இருந்தன.

நல்ல நாவல், நல்ல படம், கொத்தான வாசகர்கள் எல்லாம் அமைந்தால் வெற்றி நிச்சயமா? இல்லை. சால்கனிக், டாட்ஸ், வாட்ஸ் என்ற மூவர் 2006-இல் 'சயின்ஸ்' இதழில் வெளியிட்ட சோதனையில் 14,341 பேர், பிரபலமாகாத 48 பாடல்கள். ஒரு பிரிவினர் மற்றவர்களின் தேர்வு தெரியாமல் தேர்ந்தெடுத்தார்கள். மீதிப் பேர் எட்டுத் தனி உலகங்களாகப் பிரிக்கப்பட்டு, தம் உலகத்தில் எந்தப் பாட்டு எத்தனை முறை பதிவிறக்கப்பட்டது என்பதைப் பார்த்தார்கள். முதல் பிரிவினரின் தேர்வுப்படி தரத்தில் 26-ஆவது இடம் பெற்ற ஒரு பாடல், ஓர் உலகத்தில் முதலிடம், இன்னோர் உலகத்தில் 40-ஆவது. மிக நல்லவை அரிதாகவே தோற்றன, மிக மோசமானவை அரிதாகவே வென்றன. நடுவில் இருந்தவற்றுக்கு எதுவும் நடக்கலாம். பெரும்பாலான படங்கள் நடுவில்தான் இருக்கின்றன.

அந்த நடு இடத்தின் பயத்தில்தான் எண் ஜோதிடம் பிழைக்கிறது. தலைப்பின் ஆங்கில எழுத்துகளில் ஒன்றைக் கூட்டினால் கூட்டுத்தொகை மாறிப் படம் ஓடும் என்று நம்பிக் கோடிகளைப் புழங்குகிறவர்கள் காசு கொடுக்கிறார்கள். ஓடினால் எழுத்தால் ஓடியது. ஓடாவிட்டால் நாயகனின் ஜாதகம். அந்தக் காசில் ஒரு பங்கைப் பல்கலைக்கழகச் சமூகவியல் துறை ஒன்றுக்குக் கொடுத்தால், மாணவர்கள் எடுத்த குறும்படங்களை வைத்து இதே எட்டு உலகச் சோதனையை மதுரையிலேயே நடத்திவிடலாம். பெரிய கருவி எதுவும் தேவையில்லை. ஆனால் தேவையான அடிப்படைத் தரவே இங்கே வெளியில் வருவதில்லை. மதுரை–ராமநாதபுரம் என்று ஏரியா பிரித்து வியாபாரம் பேசுகிறவர்கள், எந்த அரங்கில் எந்த நாள் எத்தனை டிக்கெட் என்பதைப் பொதுவில் வைப்பதில்லை. மூன்றாம் நாள் போஸ்டரில் ஏறும் கோடிக்கணக்கை அறிவியலாகக் கொள்ள முடியாது.

இன்றைய நிலையில் வாசகர்களை நம்புவதில் ஒரு சிக்கல் இருக்கிறது. அவர்கள் மெதுவானவர்கள். கூட்டம் குறையட்டும், அடுத்த வாரம் போகலாம் என்பார்கள். நூறு நாள் ஓடிய காலத்தில் அது பொருட்டல்ல. சங்கிலி நிதானமாக நடந்து போய்ச் சேர்ந்தது. இப்போது அடுத்த வெள்ளிக்கிழமை வேறு படம் வந்து அரங்கைப் பிடித்துக்கொள்ளும். சில வாரங்களில் ஓடிடியில் வந்துவிடும் என்பதால் எல்லோருடைய துணை எண்ணும் ஏறியும் இருக்கிறது. ஆசிரியை கிளம்பும்போது படம் போயிருக்கும். புதிய அட்டையோடு நாவலை மறுபதிப்பு செய்வது, எழுத்தாளரை மேடையேற்றுவது, வெளியீட்டுக்கு முன்பே வாசகர் கூட்டங்கள் நடத்துவது எல்லாம் இந்த மெதுவானவர்களை முதல் மூன்று நாளுக்குள் இழுத்துவரும் முயற்சிகளே.

என்னிடம் ஒரு யோசனை இருக்கிறது, தயாரிப்பாளர் யாராவது படித்தால் எடுத்துக்கொள்ளலாம். வியாழக்கிழமை மாலை ஒரு காட்சியை ஊர்தோறும் நூலக உறுப்பினர்களுக்கென்று ஒதுக்குங்கள். மதுரையில் புதுநத்தம் சாலை கலைஞர் நூற்றாண்டு நூலகத்தில் அறிவிப்புப் பலகையில் ஒரு தாள் ஒட்டினால் போதும். டிக்கெட்டை மட்டும் இலவசமாகக் கொடுத்துவிடாதீர்கள். ஓசியில் போனவரைப் பார்த்து யாரும் எதையும் ஊகிக்க மாட்டார்கள், முழு விலை கொடுத்துப் போனவரைத்தான் எதிர்வீடு நிறுத்தி, "எப்படி இருந்தது?" என்று கேட்கும்.