ரிப்போர்ட் நார்மல், ஆனால் கால் எரிகிறது

மஞ்சப்பையிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்து மேசையில் வைத்தார் அந்த அம்மா. இடுப்பு எம்ஆர்ஐ, நரம்புக்கு கரண்ட் வைத்துப் பார்த்த என்சிவி டெஸ்ட், ரத்தப் பரிசோதனைகள். எல்லாத் தாளிலும் நார்மல். குலசேகரம் பக்கம் ரப்பர் பால் வெட்டுகிறவர். இரவானால் இரண்டு பாதமும் காந்தும், போர்வை பட்டாலே பொறுக்காது. தரையின் குளிர்ச்சிக்காகச் சிமெண்டில் காலைப் பதித்து உட்கார்ந்திருந்துவிட்டு, அப்படியே விடியுமுன் தோட்டத்துக்குப் போய்விடுவாராம்.

"ஒண்ணும் இல்லேன்னு சொல்லுதாவ டாக்டரே. அப்போ எனக்கு என்ன, பைத்தியமா?"

நாகர்கோவிலில் நரம்பு நோயாளிகளைப் பார்க்கிற எனக்கு இந்தக் கேள்வி புதிதில்லை. கேட்கும்போதெல்லாம் மனசு கனத்துப் போகிறது.

நரம்பு இழைகளில் பருமனானவையும் உண்டு, மிக நுண்ணியவையும் உண்டு. தசையை அசைப்பது, அதிர்வை உணர்வது பருமனான இழைகளின் வேலை. சூடு, குளிர், வலி, வியர்வை எல்லாம் நுண்ணிழைகளின் பொறுப்பு. என்சிவி டெஸ்ட் பருமனான இழைகளை மட்டும்தான் அளக்கும். நுண்ணிழைகள் மட்டும் கெட்டிருந்தால் அந்த ரிப்போர்ட் நார்மலாகத்தான் வரும். எம்ஆர்ஐயும் அதைக் காட்டாது. இதற்கு நுண்ணிழை நரம்பு நோய் என்று பெயர்.

அந்த அம்மாவுக்குக் கால் பலம் சரியாக இருந்தது. சுத்தியலால் தட்டினால் கால் துள்ளியது. அதிர்வைச் சோதிக்கிற உலோகக் கருவியான இசைக்கவையை, குளிர்ந்திருக்கும்போதே பாதத்தில் வைத்தேன். "என்னமோ வச்சியளா?" என்றார். மெல்ல மேலே நகர்த்திக்கொண்டே போனேன். கெண்டைக்காலின் பாதியில்தான் "ஆ, தணுப்பு" என்றார். இரண்டு காலிலும் அதே உயரம். முக்கால்வாசி விடை அங்கேயே கிடைத்துவிட்டது.

வெறும் வயிற்றுச் சர்க்கரை 98 என்று இருந்ததால் யாரும் மேற்கொண்டு பார்க்கவில்லை. 75 கிராம் குளுக்கோஸ் குடிக்கவைத்து இரண்டு மணி நேரம் கழித்துப் பார்த்தால் 178. 140க்குள் இருக்க வேண்டியது. நீரிழிவு ஆவதற்கு முந்தைய இந்த நிலையிலேயே நுண்ணிழைகள் கெடத் தொடங்கலாம். சந்தேகம் தீராதவர்களுக்குக் கணுக்காலுக்குச் சற்று மேலே 3 மில்லிமீட்டர் தோல் எடுத்து இழைகளை எண்ணிப் பார்க்கும் பயாப்ஸி இருக்கிறது. எல்லா ஊரிலும் அந்த வசதி கிடையாது. எல்லோருக்கும் தேவையும் இல்லை.

காரணம் வேறாகவும் இருக்கலாம். வைட்டமின் பி12 குறைவு (சர்க்கரை மாத்திரையான மெட்ஃபார்மினைப் பல வருடம் சாப்பிடுகிறவர்கள் கட்டாயம் பாருங்கள்), குடி, தைராய்டு, வாயும் கண்ணும் வறண்டுபோகும் ஷோகிரன் நோய், காசநோய் மாத்திரை. தோலில் வெளிறிய, சூடு தெரியாத தேமல் இருந்தால் தொழுநோயா என்று பார்க்க வேண்டும். மறைக்காதீர்கள், அரசு ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே மருந்து இலவசம். நம் ஊரில் கால் வலி என்றால் முதலில் வர்ம ஆசானிடம் போவது வழக்கம். அதற்காக நான் யாரையும் கடிந்துகொண்டதில்லை. ஆனால் உள்ளுக்குச் சாப்பிட்ட பொடி, பஸ்பம் எதுவானாலும் எங்களிடம் சொல்லுங்கள். முறையாகச் சுத்தி செய்யாத மருந்தில் ஈயமோ ஆர்சனிக்கோ இருந்தால் அதுவே நரம்பைக் கெடுக்கும். தேடிப் பார்த்தும் காரணம் பிடிபடாதவர்களும் உண்டு. அவர்களுடைய வலிக்கும் மருந்து இருக்கிறது.

மருந்து விஷயத்தில்தான் பலர் வழுக்கிவிடுகிறார்கள். சாதாரண வலி மாத்திரை இந்த எரிச்சலுக்கு அவ்வளவாகக் கேட்காது. மாதக்கணக்கில் விழுங்கினால் சிறுநீரகம்தான் கெடும். அந்த அம்மாவுக்கு இரவில் 10 மில்லிகிராம் அமிட்ரிப்டிலின் எழுதினேன். மருந்துக்கடையில் யாரோ "இது மனசு சரியில்லாதவங்களுக்கு உள்ள மாத்திரை" என்று சொல்ல, மூன்றாம் நாளே நிறுத்திவிட்டார். மனச்சோர்வுக்கு அதைக் கொடுப்பதும் உண்மைதான். நரம்பு வலிக்குக் குறைந்த அளவில் கொடுப்பதும் பல காலமாக உள்ள வழக்கம். முதல் நாளே இதைச் சொல்லாமல் விட்டது என் தவறு. இப்போது சீட்டிலேயே தமிழில் எழுதிக் கொடுக்கிறேன்: நரம்பு எரிச்சலுக்கு, பலன் தெரியச் சில வாரம் ஆகும்.

கால் பலம் குறைந்தாலோ, மரத்துப்போவது சில நாளிலேயே மேலே ஏறினாலோ, சிறுநீர் கட்டுப்படாவிட்டாலோ மட்டும் காத்திருக்காதீர்கள். அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். மற்றவர்கள் வரும்போது, எரிச்சல் எங்கே தொடங்கியது, எந்த நேரம் கூடுகிறது, எது பட்டால் தாங்கவில்லை என்று ஒரு தாளில் எழுதி வாருங்கள். ஃபைலைத் திறப்பதற்கு முன் நான் அதைத்தான் படிப்பேன்.

அந்த அம்மா ஆடிச் சாரலில் மறுபடி வந்தார். எரிச்சல் முழுசாகப் போகவில்லை. "ஆனா இப்போ காலையும் மூடிக்கிட்டு படுக்கேன் டாக்டரே" என்றார்.