சரளி வரிசையில் குழந்தைக்குக் கிடைப்பது என்ன?

விஜயதசமியை ஒட்டிக் கர்நாடக இசை வகுப்பில் பிள்ளையைச் சேர்க்க வரும் பெற்றோர் பலரும் கேட்பது, "பாட்டுக் கத்துக்கிட்டா படிப்பு நல்லா வருமா?" என்பதுதான். வரலாம். ஆனால் அதற்காக மட்டும் சேர்க்க வேண்டாம் என்பதே எங்கள் பதில்.

மொசார்ட் இசையைக் கேட்டால் மூளை வளரும் என்று பரவிய பேச்சு, 1993இல் அமெரிக்காவில் கல்லூரி மாணவர்களை வைத்து நடந்த ஒரு சிறு ஆய்விலிருந்து கிளம்பியது. பத்து நிமிடம் இசை கேட்டவர்கள் வடிவப் புதிர்களைக் கொஞ்சம் நன்றாகப் போட்டார்கள். கால் மணி நேரத்தில் அந்தப் பலன் போய்விட்டது. குழந்தைகள் அதில் இல்லவே இல்லை. கனடாவில் நடந்து 2004இல் வெளியான ஆய்வு இன்னும் பொருட்படுத்தத் தக்கது. ஆறு வயதுக் குழந்தைகள் 144 பேரில், ஓராண்டு இசை கற்றவர்களுக்கு நுண்ணறிவு மதிப்பெண் மற்றவர்களைவிட மூன்று புள்ளி அளவுக்குக் கூடுதலாக உயர்ந்தது. பின்னால் வந்த கண்டிப்பான ஆய்வுகள் பலவற்றில் அந்த அளவுகூடத் தெரியவில்லை. மூன்று புள்ளிக்காக யாரும் தினமும் தம்புரா முன் உட்கார வேண்டியதில்லை.

உறுதியாகக் கிடைப்பது வேறு. காது கூர்மையாகிறது. நெருங்கிய இரண்டு ஒலிகளைப் பிரித்துக் கேட்கவும், கேட்டதை நினைவில் நிறுத்திக் குரலில் திருப்பித் தரவும், சரியாக வந்ததா என்று தானே சோதிக்கவும் குழந்தை பழகுகிறது. குறிலுக்கும் நெடிலுக்கும் மாத்திரை பிசகாமல் வாசிக்கவும், ல, ள, ழ வேறுபாட்டைக் கேட்டு உணரவும் இதே காதுதான் வேண்டும்.

இந்தப் பழக்கத்தைத் தருவதற்கென்றே அமைந்தவை போலிருக்கின்றன நம் முதல் பாடங்கள். புரந்தரதாசர் வகுத்ததாகச் சொல்லப்படும் சரளி வரிசையும் (ஸ்வரங்களை ஏறி இறங்கிப் பாடுவது), ஜண்டை வரிசையும் (ஸ்வரங்களை இரட்டித்துப் பாடுவது) மாயாமாளவகௌளை ராகத்தில் இருக்கின்றன. இதில் ஸ-ரி, க-ம, ப-த, நி-ஸ ஆகியவை ஒட்டி நிற்கும் ஸ்வரங்கள். ரி-க, த-நி இடைவெளிகள் அகலமானவை. 'ஸ ரி க ம' எப்படி ஏறுகிறதோ, அப்படியே 'ப த நி ஸ' ஏறும். முதல் பாதி பிடிபட்டால் இரண்டாம் பாதியின் வடிவம் கையில் இருக்கிறது. நெருக்கத்தையும் அகலத்தையும் மாறி மாறிப் பாடுவதால் காது சோம்பி இருக்க முடியாது.

குழந்தைகள் தவறுவதும் இங்கேதான். இந்த ராகத்தின் தாழ்ந்த 'ரி'யான சுத்த ரிஷபம் மெல்ல மேலேறி, அடுத்த உயரமான சதுச்ருதி ரிஷபம் ஆகும், தைவதமும் (த) கூடவே ஏறும். பாட்டு சங்கராபரணம் என்ற வேறு ராகத்துக்குப் போய்விடும். பள்ளியில் கேட்கும் பாட்டுகளில் அந்த ஸ்வரங்களே அதிகம் என்பதால் காது அங்கே இழுக்கிறது. முழு வரிசையையும் பத்து முறை திருப்பிப் பாடவைப்பதால் இது சரியாகாது, தவறுதான் கெட்டிப்படும். தம்புராவை வைத்துக்கொண்டு 'ஸ… ரி… ஸ…' என்று மூன்றே ஸ்வரத்தை, ஒவ்வொன்றையும் நான்கு எண்ணிக்கை நிறுத்திப் பாடவையுங்கள். பிறகு 'ப… த… ப…'. இரண்டும் ஒரே மாதிரி இருக்கிறதா என்று குழந்தையையே கேளுங்கள்.

எல்லாவற்றுக்கும் முன்னால் சுருதி, அதாவது 'ஸ'வை எந்த உயரத்தில் வைத்துப் பாடுவது என்பது. அதைக் கட்டைக் கணக்கில் சொல்வோம்; எண் கூடினால் உயரமும் கூடும். ஐந்து முதல் ஏழு வயதுப் பிள்ளைகளில் பெரும்பாலோருக்கு ஐந்து கட்டைக்கும் ஆறரைக் கட்டைக்கும் நடுவே ஓர் இடம் பொருந்தும். கீழ் ஸட்ஜம் (ஸ) கரகரக்கக் கூடாது, மேல் ஸட்ஜத்தில் கழுத்து நரம்பு புடைக்கக் கூடாது. வகுப்பில் எல்லோருக்கும் ஒரே சுருதி வைத்தால் இரண்டு பேராவது கத்துவார்கள். ஒன்றரைக் கட்டையில் பாடும் ஆண் ஆசிரியரிடம் சேர்ந்த சின்னக் குழந்தை சில சமயம் அவருடைய கனத்த குரலை அப்படியே காப்பி அடிக்கப் பார்த்து, ஸ்வரமே சேராமல் உறுமும். "இவளுக்கு ஞானம் இல்லை" என்று அவசரப்பட்டுச் சொல்லிவிடுகிறார்கள். அதே பாடத்தை மூத்த மாணவி ஒருத்தி குழந்தையின் சுருதியில் பாடிக் காட்டட்டும், பல நேரம் அன்றைக்கே ஒட்டிக்கொள்ளும். அதற்கும் சேராவிட்டால் ஆம்புலன்ஸ் மாதிரி 'ஊ' என்று மேலும் கீழும் சறுக்கச் சொல்லி, குழந்தையின் குரல் நிற்கும் சுருதிக்கு ஆசிரியர் போக வேண்டும். சில மாதமாகியும் எதுவும் சேரவில்லை, கூப்பிட்டால் திரும்புவதும் தாமதம் என்றால், காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் காட்டுங்கள். சளி அடிக்கடி பிடிக்கும் குழந்தைகளுக்குச் செவிப்பறைக்குப் பின்னால் நீர் கோத்து நிற்பதுண்டு.

தாளத்தில் வரும் சிக்கல் வேறு மாதிரி. ஆதி தாளத்தின் எட்டு எண்ணிக்கையில், முதல் காலத்தில் (வேகத்தில்) எண்ணிக்கைக்கு ஒரு ஸ்வரம், இரண்டாம் காலத்தில் இரண்டு, மூன்றாம் காலத்தில் நான்கு. தாளம் போடும் கையின் வேகம் அப்படியே இருக்க, ஸ்வரம்தான் நெருங்க வேண்டும். குழந்தை கையை வேகமாக்கிவிட்டு "ரெண்டாம் காலம் வந்துடுச்சு" என்று நிற்கும். இரண்டு வேலையையும் பிரித்துக் கொடுங்கள். ஒரு நாள் அம்மா தாளம் போட, குழந்தை பாடட்டும். மறுநாள் குழந்தை தாளம் போட, அம்மா பாடட்டும். ஆப் தாளம் தட்டுகிறதே என்று விட்டுவிட வேண்டாம். இரண்டரை வயதுக் குழந்தைகள்கூட இயந்திரத்தைவிட, எதிரில் உட்கார்ந்து கொட்டும் மனிதரோடு நன்றாகத் தாளம் சேர்கிறார்கள் என்று 2009இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. சிறு பிள்ளைகளின் இயல்பான நடை பெரியவர்களுடையதைவிடத் துரிதமானது. அதனால் முதல் காலத்தையே மிக மெதுவாக ஆரம்பித்தால் தாளம் உடையும். நடுத்தர வேகத்தில் தொடங்கி, மெதுவாகப் பாடுவதைப் பிறகு கற்றுக்கொடுக்கலாம்.

ஐந்து வயதுக்குக் கீழே வரிசையே வேண்டாம். தாலாட்டு, கைதட்டிப் பாடும் பாட்டு, பஜனையில் சேர்ந்து பாடுவது போதும். அதற்குமேல் தினம் பதினைந்து நிமிடம். தம்புராவோடு 'ம்' என்று ஒலித்தபடி இரண்டு நிமிடம், பழைய பாடம் ஐந்து, புதுப் பாடம் ஐந்து, மிச்சத்தில் குழந்தைக்குப் பிடித்த எந்தப் பாட்டானாலும். ஞாயிற்றுக்கிழமை மட்டும் ஒன்றரை மணி நேரம் உட்காரவைத்தால் குரலும் களைக்கும், மனமும் விட்டுப்போகும். தொண்டை கட்டியிருக்கும் நாளில் தாளம் மட்டும் போட்டால் போதும். கரகரப்பு மூன்று வாரம் நீடித்தால் மருத்துவரைப் பாருங்கள்.

எங்களுக்குப் பெரிய வருத்தம் போட்டிப் பாட்டுகள்தான். வரிசை முடியாத குழந்தைக்குப் பெரிய கீர்த்தனையை ஆடியோ போட்டு மனப்பாடம் செய்யவைக்கிறார்கள். பரிசும் கிடைக்கிறது. பிறகு அதே குழந்தையிடம் நான்கு புதிய ஸ்வரங்களைப் பாடிக் காட்டினால் திருப்பிச் சொல்ல வருவதில்லை. கேட்டதைக் குரலில் பிடிக்கும் அந்தத் திறமைக்காகத்தானே சேர்த்தோம்? வரிசைகளுக்குப் பிறகு கற்கும் எளிய பாடல்களான மலஹரி ராகக் கீதங்கள் வரும்வரை மேடையைத் தள்ளிப்போட்டால் எந்த நஷ்டமும் இல்லை.

ஆன்லைன் வகுப்பென்றால் ஒன்று கவனியுங்கள். ஒலி தாமதமாக வருவதால் ஆசிரியரும் மாணவரும் சேர்ந்து பாட முடியாது, ஆசிரியர் பாடி முடித்த பிறகே குழந்தை பாட வேண்டும். தம்புரா குழந்தையின் பக்கத்தில் ஒலிக்கட்டும். ஜூமில் இரைச்சல் நீக்கும் வசதி, தம்புராவின் தொடர் ஒலியையும் நீட்டிப் பாடும் ஸ்வரத்தையும் இரைச்சல் என்றெண்ணி வெட்டிவிடும். ஆடியோ அமைப்பில் 'ஒரிஜினல் சவுண்ட்' என்பதைப் போட்டுவிட்டு வகுப்பைத் தொடங்குங்கள்.