எழுத்துரு உள்ளேதான் இருக்கிறது, ஏன் தெரிவதில்லை?

இபப் மின்னூலில் ஆசையாகத் தேர்ந்தெடுத்த எழுத்துரு ஒன்றைச் சேர்த்து வெளியிடுகிறோம். வாசகரின் கைப்பேசியில் அது திறக்கும்போது வேறு ஏதோ ஓர் எழுத்துரு வந்து நிற்கிறது. தமிழே தெரியாத பழைய வாசிப்புக் கருவி என்றால் வரிசையாகக் கட்டங்கள்தான். பிழைச் செய்தி எதுவும் வராது. நூலைப் பிரித்துப் பார்த்தால் எழுத்துருக் கோப்பு உள்ளேயே பத்திரமாக இருக்கும். அதற்குப் போகும் பாதைதான் எங்கோ தப்பியிருக்கும்.

இபப் (EPUB) என்பது அடிப்படையில், பல கோப்புகளை ஒன்றாகக் கட்டி வைத்த ஒரு ஜிப் கோப்பு. பின்னொட்டை ஜிப் என்று மாற்றித் திறந்தால், அத்தியாயங்கள் எக்ஸ்எச்டிஎம்எல் பக்கங்களாகவும் பக்க அலங்காரம் சிஎஸ்எஸ் கோப்பாகவும் இருப்பதைக் காணலாம். ஓஇபிபிஎஸ் என்ற கோப்புறைக்குள் டெக்ஸ்ட், ஸ்டைல்ஸ், ஃபான்ட்ஸ் என்று பிரித்து வைப்பது வழக்கம். இது வழக்கம்தான், கட்டாயமில்லை. கட்டாயமானது மெட்டா-இன்ஃப் கோப்புறையில் இருக்கும் கண்டெய்னர் கோப்பு. ஓபிஎஃப் என்ற இன்னொரு கோப்பு எங்கே இருக்கிறது என்பதை அது சொல்லும். நூலில் உள்ள கோப்புகள் அனைத்தின் பட்டியலும் அந்த ஓபிஎஃப்பில் இருக்கும்.

ஓர் எழுத்துருவின் பாதை இந்த அமைப்பில் மூன்று இடங்களில் எழுதப்படலாம். மூன்றும் வெவ்வேறு புள்ளியிலிருந்து புறப்படுகின்றன என்பதுதான் குழப்பத்தின் வேர். திருச்சியில் இருக்கும் ஒரு வீட்டுக்கு மதுரையிலிருந்து வருபவருக்கும் தஞ்சாவூரிலிருந்து வருபவருக்கும் ஒரே வழியைச் சொல்ல முடியுமா? ஓபிஎஃப் பட்டியலில், ஓபிஎஃப் இருக்கும் கோப்புறையிலிருந்து எண்ண வேண்டும்: ஃபான்ட்ஸ்/மலர்.டிடிஎஃப். சிஎஸ்எஸ்ஸில், அந்த சிஎஸ்எஸ் இருக்கும் கோப்புறையிலிருந்து: ../ஃபான்ட்ஸ்/மலர்.டிடிஎஃப். முதலில் வரும் இரண்டு புள்ளிகளுக்கு 'ஒரு படி மேலே ஏறு' என்று பொருள். மூன்றாவது இடம் மெட்டா-இன்ஃப்பில் இருக்கும் என்கிரிப்ஷன் கோப்பு, குலைத்து வைத்த கோப்புகள் எவை என்று சொல்வது. அங்கே மட்டும் ஜிப்பின் உச்சியிலிருந்து முழுதாக எழுத வேண்டும்: ஓஇபிபிஎஸ்/ஃபான்ட்ஸ்/மலர்.டிடிஎஃப். (நிஜக் கோப்புகளில் இவை ஆங்கில எழுத்துகளில் இருக்கும்.)

பலர் சறுக்குவது இரண்டாவது இடத்தில். எழுத்துரு தெரிய வேண்டியது அத்தியாயப் பக்கத்தில் என்பதால், பாதையையும் அந்தப் பக்கத்திலிருந்தே கணக்கிடுகிறார்கள். சிஎஸ்எஸ் விதி அப்படி இல்லை. பாதை எந்தக் கோப்புக்குள் எழுதப்பட்டிருக்கிறதோ அந்தக் கோப்பின் இடமே தொடக்கம். அதனால் பக்கத்துக்குள்ளேயே எழுதியிருந்த அலங்காரக் குறிப்பை வெட்டித் தனி சிஎஸ்எஸ் கோப்பில் ஒட்டினால், ஓர் எழுத்தும் மாறாமலே பாதை உடைந்துபோகலாம். டெக்ஸ்ட், ஸ்டைல்ஸ் இரண்டும் ஒரே மட்டத்தில் இருந்தால் தற்செயலாகத் தப்பித்துவிடும். எல்லாவற்றையும் ஒரே கோப்புறையில் கொட்டி வைத்த நூலை ஒழுங்குபடுத்தும்போதுதான் வினை வெளியே வரும்.

அடுத்தது பெரிய எழுத்து, சிறிய எழுத்து. விண்டோஸ் கோப்புறையில் ஃபான்ட்ஸ் என்பதன் முதல் எழுத்தை எப்படி எழுதினாலும் ஒன்றுதான். ஜிப்புக்குள் அவை இரண்டு வேறு பெயர்கள். பெயரில் இடைவெளி இருந்தால் தொல்லை இன்னும் கொஞ்சம் கூடும்: ஜிப்பில் வெறும் இடைவெளியாக இருப்பதைப் பாதையில் %20 என்று எழுத வேண்டும்.

தமிழிலேயே கோப்புக்குப் பெயர் வைக்க நினைப்பவர்களுக்கு வேறொரு பொறி காத்திருக்கிறது. 'கொன்றை' என்பதில் உள்ள 'கொ'வை யூனிகோடில் இரண்டு விதமாகச் சேமிக்கலாம்: ககரத்தோடு ஒகரக் குறி ஒன்றாக, அல்லது ககரத்தோடு ஒற்றைக் கொம்பும் காலும் தனித்தனியாக. திரையில் இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும், பைட்டுகள் வேறு. பழைய மேக் கணினிகளின் கோப்பு முறைமை பெயர்களைப் பிரித்தே சேமித்தது. சிஎஸ்எஸ்ஸில் நாம் தட்டச்சு செய்ததோ சேர்ந்த வடிவம். பைட்டுக்குப் பைட் ஒப்பிடும் மென்பொருள் 'அப்படி ஒரு கோப்பே இல்லை' என்றுவிடும். தமிழ்ப் பற்றை நூலின் உள்ளே காட்டிக்கொள்ளலாம், கோப்புப் பெயருக்கு ஆங்கிலச் சிறிய எழுத்தும் எண்ணும் சிறுகோடும் போதும்.

என்கிரிப்ஷன் கோப்பு எல்லா நூலிலும் இருக்காது. எழுத்துருவை உருவி வேறு வேலைக்குப் பயன்படுத்துவதைத் தடுக்க, அதன் தொடக்கத்தை மட்டும் குலைத்து வைக்கும் முறை ஒன்று உண்டு. அடோபியின் பக்க வடிவமைப்பு மென்பொருளான இன்டிசைனிலிருந்து ஏற்றுமதி செய்த இபப்களில் இதைப் பார்க்கலாம். தரநிலை சொல்லும் முறையில், ஓபிஎஃப்பில் இருக்கும் நூலின் தனி அடையாளத்தை ஷா-1 (SHA-1) என்ற கணக்கு முறையில் போட்டு 20 பைட் சாவி எடுக்கிறார்கள். எழுத்துருவின் முதல் 1040 பைட்டுகளை அந்தச் சாவியோடு கலந்துவிடுகிறார்கள். அடோபியின் பழைய முறையில் இது 1024 பைட். வாசிப்பு மென்பொருள் என்கிரிப்ஷன் கோப்பைப் பார்த்துத்தான் எந்தக் கோப்பைத் திருப்பிச் சரிசெய்ய வேண்டும் என்று தெரிந்துகொள்கிறது. ஆகவே எழுத்துருவை வேறு கோப்புறைக்கு மாற்றி, சிஎஸ்எஸ்ஸையும் ஓபிஎஃப்பையும் மட்டும் திருத்தினால் போதாது. அடுத்த பதிப்புக்காக ஐஎஸ்பிஎன் எண்ணை மாற்றினாலும் இதே கதிதான், அந்த எண்ணே தனி அடையாளமாக இருந்தால். பாதை சரியாக இருக்கும், சாவி பொருந்தாது.

இத்தனை தவறும் ஏன் சத்தமில்லாமல் நடக்கின்றன? சிஎஸ்எஸ் அப்படி வடிவமைக்கப்பட்டது. ஓர் எழுத்துரு கிடைக்கவில்லையென்றால் அடுத்ததற்குப் போ, அதுவும் இல்லையென்றால் கருவியில் இருப்பதை எடு. வாசகருக்கு அது நல்லது, பக்கம் வெறுமையாகாது. நூலைத் தயாரிப்பவரைத்தான் அது ஏமாற்றுகிறது. ஆண்ட்ராய்டில் தமிழுக்கு நோட்டோ சான்ஸ் ஏற்கெனவே இருக்கிறது, விண்டோஸில் நிர்மலா. நூலில் நோட்டோவையே பொதிந்துவிட்டு ஆண்ட்ராய்டில் சோதித்தால் பாதை உடைந்திருந்தாலும் எல்லாம் சரியாகவே தெரியும்.

இதற்குச் சுலபமான சோதனை, பாலூ தம்பி போல ஒரு தடித்த எழுத்துருவை அதே கோப்புப் பெயரில் தற்காலிகமாக வைப்பது. பக்கம் கனத்துப் போனால் பாதை சரி. மாறவில்லையென்றால் முதலில் செயலியின் அமைப்பைப் பாருங்கள், பல செயலிகளில் பதிப்பாளரின் எழுத்துருவை வாசகர்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். இபப்செக் கருவியும் உதவும்: இல்லாத கோப்பைச் சுட்டும் பாதையையும் ஓபிஎஃப் பட்டியலில் விடுபட்ட கோப்பையும் அது பிடித்துவிடும். கொம்பு இடம் மாறி எழுத்துக்குப் பின்னால் நின்றால் மட்டும் பாதையைத் தேடி அலைய வேண்டாம். எழுத்துகளைக் கோக்கத் தெரியாத மென்பொருளின் குறை அது, அல்லது அளவைக் குறைக்கிறேன் என்று எழுத்துருவிலிருந்து கோக்கும் விதிகளையும் சேர்த்து வெட்டியிருப்பார்கள்.